இஞ்சினுக்கும் விசாரணை வேண்டும்

(சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்கு அருகில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை லோரி ஓட்டுநர்களும், ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து வந்த பால்வெட்டுத் தொழிலாளர்களும், கிராணிமார்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வு பெற்ற லோரி மெக்கானிக் ஒருவர் ஆற்றிய பேச்சு.)



மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ஸ்பேனர் பிடித்துப் பழகிய கை இது. மைக்கைப் பிடித்தால் நடுங்குகிறது. ஆனாலும் சங்கத்துத் தோழர்கள், “அண்ணே, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், அது போதும்” என்றார்கள். அந்தத் தைரியத்தில்தான் வந்து நிற்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி என்னைத் தேடிக்கொண்டு வந்தான். தஞ்சைப் பக்கத்துப் பையன். கட்டுமான வேலைக்கு வந்து, லைசென்ஸ் எடுத்து, 14 அடி லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். கையில் ஒரு தாள். “லோரியின் ஹெட் காஸ்கெட் கெட்டுப்போனது என் அலட்சியத்தால்தான், ரிப்பேர்ச் செலவை என் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்” என்று அதில் எழுதியிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. “அண்ணே, நாளைக்குக் காலையில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். போடலாமா?” என்று கேட்டான்.

நான் அவனை ஒன்றுதான் கேட்டேன். “தம்பி, காஸ்கெட் போய்விட்டது என்று யார் பார்த்தது?”

“பட்டறைக்காரர் சொன்னார் அண்ணே.”

“ஹெட்டைக் கழற்றினாரா?”

“இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளே பால் மாதிரி இருந்தது. உடனே சொல்லிவிட்டார்.”

தோழர்களே, என் பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான். அறிகுறி வேறு, ஆதாரம் வேறு. தொழிலாளியைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன் விசாரணை வேண்டும் என்று நாம் எத்தனை காலமாகப் போராடி வருகிறோம்! இஞ்சினுக்கும் அதே நியாயம்தான். விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னால் பணமும் வீண், வேலையும் வீண், ஒரு ஏழையின் பெயரும் கெடுகிறது.

மரம் பால் குறைத்தால் வெட்டிவிடுவோமா?

தோட்டத்துச் சகோதரர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஒரு மரம் பால் குறைத்தால் கோடரியையா எடுக்கிறோம்? இலையுதிர் காலமா என்று பார்க்கிறோம். முதல் நாள் மழையா, கத்தி மழுங்கியதா, வெட்டு ஆழமாகிப் பட்டையில் காயம் பட்டதா, பட்டை காய்ந்துபோகும் நோயா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வருகிறோம்.

அந்த முறைக்கும் இந்தச் சிங்கப்பூருக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1888-இல் இங்குள்ள தாவரப் பூங்காவுக்கு வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர்தான், மரத்தைக் கொத்திக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை 1890-களில் வகுத்தார். மரத்தைச் சாகவிடாமல் வேலை வாங்குவதற்கு மரத்தை அறிந்திருக்க வேண்டும். பழைய லோரியும் அப்படித்தான்.

பழைய லோரி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? சிங்கப்பூரில் சரக்கு லோரிக்குச் சட்டப்படி ஆயுள் 20 ஆண்டு. பத்து வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பதினைந்து, பதினெட்டு வயது லோரி என்றால் முதலாளிக்கு அதன்மேல் பணம் போட மனம் வருவதில்லை. ஆனால் அதே லோரிதான் தினமும் ஆள்களை ஏற்றிக்கொண்டு விடுதிக்கும் வேலைத்தளத்துக்கும் ஓடுகிறது. தோட்டத்தில் அதே மாதிரி லோரிதான் உங்கள் பாலை ஆலைக்குக் கொண்டுபோகிறது. அது வழியில் நின்றுவிட்டால் பால் கட்டிப்போகும். காலையில் இருட்டோடு எழுந்து வெட்டிய உழைப்பு டாங்கிக்குள்ளேயே உறைந்துவிடும். ஆகவே இந்த விஷயம் ஓட்டுநருக்கு மட்டும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

காஸ்கெட் என்பது என்ன?

கிராணிமார்களுக்காக ஒரு வார்த்தை விளக்கிவிடுகிறேன். இஞ்சினின் உடம்புக்கு பிளாக் என்று பெயர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் சிலிண்டர்கள் அதில்தான் இருக்கின்றன. அதற்குமேல் மூடிபோல் உட்காருவது ஹெட். இரண்டும் இரும்பு, அல்லது ஹெட் மட்டும் அலுமினியம். இரண்டையும் நேராக வைத்து முடுக்கினால் சந்து அடையாது. அதனால் இடையில் ஒரு தகடு வைக்கிறார்கள். அந்தத் தகடுதான் ஹெட் காஸ்கெட். தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது.

அந்த மெல்லிய தகடு செய்யும் வேலையைப் பாருங்கள். ஒரு பக்கம் எரியும் வாயு, இன்னொரு பக்கம் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், மற்றொரு பக்கம் ஆயில். மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் அது காவல் காக்கிறது. லோரி டயரில் நாம் ஏழு பார் அளவுக்குக் காற்று அடிக்கிறோம். பழைய டீசல் இஞ்சினில் எண்ணெய் எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் வரும் அழுத்தமோ 60, 70 பாரைத் தாண்டிவிடும். டயரைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சின் அளவுக்குமேல் சூடானால் ஹெட் வளைகிறது. முதலில் வளைவது ஹெட், அதன் பிறகு விட்டுப்போவது காஸ்கெட். பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆகையால் காஸ்கெட் போனது என்றால், “ஏன் சூடானது?” என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். அதைக் கேட்காமல் புதுத் தகடு போட்டு மூடினால் சில மாதத்தில் அதுவும் போய்விடும்.

சாட்சிகளும் பொய்ச் சாட்சிகளும்

காஸ்கெட் போனதற்கு அடையாளம் என்று பட்டறைகளில் ஐந்து விஷயம் சொல்வார்கள். ஐந்தும் உண்மைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம்.

ஒன்று, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆனால் தரையில் சொட்டைக் காணோம். காஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் போய் ஆவியாகலாம். ஆனால் தண்ணீர்ப் பம்பின் சீல் தேய்ந்து, சூடான நேரத்தில் மட்டும் கசிந்து, விசிறிக் காற்றில் காய்ந்துவிடவும் கூடும். அப்படிக் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ கூலண்டின் நிறத்திலோ ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். விளக்கைப் பிடித்துத் தேடிப்பார்த்தால் தெரியும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் தண்ணீர் ஆவியாய்ப் போகும். நல்ல மூடி சுமார் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி கெட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது.

இரண்டு, வெள்ளைப் புகை. இஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் புகைக்குழாயில் வெள்ளையாக ஆவி வந்துகொண்டே இருந்தால், அதில் கூலண்டின் இனிப்பு வாடையும் அடித்தால், சந்தேகப்பட வேண்டும். ஆனால் இன்ஜெக்டர் கெட்டாலும், குளோ பிளக் கெட்டுக் காலையில் சரியாக எரியாவிட்டாலும் வெள்ளைப் புகை வரும். அது கண்ணை எரிக்கும், டீசல் நாற்றமடிக்கும். மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். ஆனால் புகைக்குழாயில் மூஞ்சியை வைத்து மோந்து பார்க்காதீர்கள்.

மூன்று, ஆயிலில் பால்நிறம். பால்வெட்டும் தோழர்களுக்கு வெள்ளை என்றால் வருமானம், மெக்கானிக்குக் கவலை. தண்ணீரும் ஆயிலும் அடித்துக் கலந்தால் தேத்தாரேக் போல் ஒரு நிறம் வரும். ஆனால் எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால், அது வெறும் ஈரமாக இருக்கலாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் இஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. காற்றிலுள்ள ஈரம் மூடியில் படிந்துவிடும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

நான்கு, தண்ணீரில் ஆயில் மிதப்பது. பல டீசல் லோரிகளில் ஆயிலைக் குளிர்விக்க ஆயில் கூலர் என்று ஒன்று தண்ணீர்ப் பாதையிலேயே இருக்கிறது. அது ஓட்டையானால், இஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகமாக இருப்பதால் ஆயில் தண்ணீருக்குள் வரும். காஸ்கெட் குற்றமற்றது, மாட்டிக்கொள்வது என்னவோ அதுதான்.

ஐந்து, ரேடியேட்டரில் குமிழி. இதுதான் பலமான சாட்சி. ஆனாலும் காற்றுப் பிரேக் உள்ள பெரிய லோரிகளில் காற்றுக் கம்ப்ரஸருக்கும் இஞ்சின் தண்ணீர்தான் ஓடுகிறது. கம்ப்ரஸரின் ஹெட் விட்டுப்போனால் அதன் காற்றும் ரேடியேட்டரில் குமிழியாய் வரும். இதை அறியாமல் இஞ்சினைப் பிரித்துப்போட்டு ஏமாந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். புதுமாதிரி இஞ்சின்களில் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் ஓட்டையானாலும் தண்ணீர் குறையும், வெள்ளைப் புகையும் வரும்.

விசாரணையை எப்படி நடத்துவது?

விசாரணைக்கு முறை உண்டு. செலவில்லாததை முதலில் செய்ய வேண்டும், செலவுள்ளதைக் கடைசியில் செய்ய வேண்டும். எல்லாம் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, விடியற்காலையில் தொடங்க வேண்டும்.

முதலில், சூடாவதற்கான சாதாரணக் காரணங்களைப் பாருங்கள். தண்ணீர் அளவு, விசிறி பெல்ட், ஹோஸ் குழாய், மூடி, ரேடியேட்டரின் முகத்தில் அடைத்திருக்கும் சேறும் தூசியும். கட்டுமானத் தளத்தில் ஓடும் லோரிக்குச் சிமெண்டுத் தூசியும், தோட்டத்து லோரிக்குச் சருகும் எதிரி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டால் திறக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். பிரேக் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாலும், அளவுக்குமேல் பாரம் ஏற்றினாலும் முள் ஏறும். பாரம் ஏற்றச் சொன்னது யார் என்பதும் விசாரணையில் வர வேண்டிய கேள்விதான்.

இரண்டாவது, ஆயில். இரவு முழுவதும் நின்ற வண்டியில் சம்பின் அடிபோல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. உள்ளே தனியாகத் தண்ணீர் தேங்கியிருந்தால் ஆயிலுக்கு முன்னே அதுதான் சொட்டும். கலந்துபோயிருக்குமோ என்று ஐயமிருந்தால், சூடான தகட்டில் ஒரு துளி ஆயிலை விடுங்கள். சுத்தமான ஆயில் பேசாமல் புகையும். தண்ணீர் கலந்திருந்தால் தாளிக்கும் சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் படபடக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எட்ட நின்று செய்யுங்கள்.

மூன்றாவது, மேல் ஹோஸ் குழாய். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிஷத்தில் குழாயை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை, குழாய் மட்டும் கல்லாய் இருக்கிறது என்றால், உள்ளே வாயு நுழைகிறது என்று அர்த்தம். அதேபோல், இரவு முழுவதும் நின்று ஆறிப்போன வண்டியின் மூடியைக் காலையில் திறக்கும்போது ‘உஸ்’ என்று அழுத்தம் வெளியேறினாலும் சந்தேகம் வலுக்கிறது.

நான்காவது, குமிழிப் பரிசோதனை. குளிர்ந்த ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல் இஞ்சினை ஓட்டுங்கள். முதலில் சிக்கியிருந்த காற்று கொஞ்சம் வெளியேறும். அதைக் கண்டு பதற வேண்டாம். அதன் பிறகும் ஓயாமல் குமிழி வந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கூடிக்கொண்டே போனால், வாயு வருகிறது. தண்ணீர்ப் பம்பை ஓட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் அப்போது ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. காற்றுக் கம்ப்ரஸர் உள்ள வண்டியானால் அதன் தண்ணீர்க் குழாய்களைப் பிரித்து அடைத்துவிட்டுச் சற்று நேரம் மறுபடியும் பாருங்கள். குமிழி நின்றுவிட்டால் குற்றவாளி கம்ப்ரஸர்.

ஐந்தாவது, கருவிகள் உள்ள பட்டறைக்கான வேலை. கைப்பம்பு வைத்து ரேடியேட்டருக்குள் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால்மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே கசிவு தெரியாவிட்டால் இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றி இஞ்சினைச் சுற்றினால், தண்ணீர் புகுந்த சிலிண்டரிலிருந்து சாரலாய் வெளியே வரும். நீலத் திரவப் பரிசோதனையும் உண்டு. ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றை அந்தத் திரவத்தின் வழியே இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்போது நிறம் பச்சைக்கோ மஞ்சளுக்கோ மாறும். ஆனால் டீசல் இஞ்சின் பாரமில்லாமல் ஓடும்போது புகையில் கரியமில வாயு குறைவு. நிறம் மாறவில்லை என்பதற்காக மட்டும் இஞ்சினை விடுதலை செய்துவிடக் கூடாது.

கடைசியில் கம்ப்ரஷன் அளவு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அளவு குறைந்திருந்தால், அவற்றின் நடுவில் காஸ்கெட் எரிந்திருக்கலாம். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி எங்கே சத்தம் வருகிறது என்று கேட்பதும் நல்ல முறை. புகைக்குழாயில் கேட்டால் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் காஸ்கெட் அல்லது வெடித்த ஹெட்.

இவற்றில் இரண்டு மூன்று பரிசோதனைகள் ஒரே பதிலைச் சொன்னால் அப்போது ஹெட்டைக் கழற்றலாம். கழற்றிய பிறகு நேர்கோல் வைத்து, ஃபீலர் கேஜ் விட்டு, வளைவை அளக்க வேண்டும். ஹெட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பல டீசல் இஞ்சின்களுக்குக் காஸ்கெட் இரண்டு மூன்று தடிமன்களில் வருகிறது. ஓரத்தில் உள்ள வெட்டு அல்லது துளை அடையாளத்தைப் பார்த்துச் சரியானதை வாங்க வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ஸ்பேனர் வைத்தே முடுக்க வேண்டும். ஒருமுறை நீண்ட போல்ட்டை மறுபடியும் போடக் கூடாது என்று இஞ்சின் புத்தகம் சொன்னால், புது போல்ட்டே போட வேண்டும். ஒரு காலத்தில் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் எதுவும் கிடைக்கும். 2017 ஜூலையில் அது மூடப்பட்டது. அந்தச் சந்தையில் நானும் எத்தனையோ வாங்கியிருக்கிறேன். ஆனால் காஸ்கெட்டும் ஹெட் போல்ட்டும் மட்டும் பழையதாக நான் வாங்கியதில்லை.

என் குற்றத்தையும் சொல்கிறேன்

ஓட்டுநர் எல்லோரும் உத்தமர் என்று சொல்ல நான் வரவில்லை. என் இளவயதில் நானும் லோரி ஓட்டினேன். ஒரு மாலை, ஆள்களை ஏற்றிக்கொண்டு வரும்போது முள் சிவப்பைத் தொட்டது. பின்னால் இருந்தவர்கள் பசியோடு இருந்தார்கள். “இன்னும் கொஞ்ச தூரம்தானே” என்று ஓட்டினேன். இறங்கியதும் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கொதிநீர் பீறிட்டுக் கை வெந்தது. அந்தத் தழும்பு இன்றும் முழங்கைவரை இருக்கிறது. ஹெட்டும் வளைந்துபோனது. ஐந்து நிமிஷம் நிறுத்தியிருந்தால் ஒரு ஹோஸ் குழாயோடு போயிருக்க வேண்டிய செலவு அது. அந்தக் குற்றம் என்னுடையது. நான் மறுக்கவில்லை.

ஆகவே தோழர்களே, முள் ஏறினால் ஓட்டாதீர்கள். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். வண்டியில் ஆள் இருந்தால் போக்குவரத்து இல்லாத பக்கமாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள். இதுதான் முதல் வேலை, இஞ்சின் இரண்டாவது. விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி பக்கத்து நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துக்கொண்டு போகும். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், இரும்பு வெடித்துவிடும். மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போது இஞ்சின் சுற்றாமல் ‘டக்’ என்று நின்றுவிட்டால் மேலும் மேலும் முயலாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் கம்பியே வளைந்துவிடும். 1924-இல் திறந்த ஜொகூர்ப் பாலத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்து வருகிற தோழர்கள் முள்ளின்மேல் எப்போதும் ஒரு கண் வைத்திருங்கள். வண்டி ஊரும்போது ரேடியேட்டருக்கு விசிறிக் காற்றைத் தவிர வேறு துணை இல்லை.

கணக்குப் புத்தகமே கவசம்

இனி கிராணிமார்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பெரட்டுக் களத்தில் பெயர் போடாவிட்டால் செக்ரோலில் சம்பளம் ஏறுமா? ஏறாது. எழுதாத வேலை செய்யாத வேலைக்குச் சமம். லோரியிலும் அப்படித்தான். ஒரு பத்துக் காசு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு நாள் காலையிலும் தேதி, கிலோமீட்டர், எவ்வளவு தண்ணீர் ஊற்றினேன், ஆயில் அளவு என்ன, முள் எங்கே நின்றது, யாரிடம் சொன்னேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். போனில் ஒரு படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்புங்கள். தண்ணீர் குறைகிறது என்று பத்து நாளாகச் சொல்லியும் பட்டறைக்கு அனுப்பவில்லை என்றால், அந்தப் புத்தகமே உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி, தொழிலாளியின் பொறுப்பில் ஒப்படைத்த பொருளுக்குச் சேதம் வந்தது என்று சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், முதலில் விசாரித்து அவன் தவறு என்று காண வேண்டும். அவன் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அப்படியும் ஒரு மாதச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதுவும் ஒரே ஒரு தடவைதான், மாதாமாதம் அல்ல. ஒர்க் பெர்மிட்டில் வந்த தொழிலாளிக்கும் இந்தச் சட்டம் உண்டு. சம்பளத் தகராறு என்றால், 2017 முதல் இயங்கும் டாடெம் என்ற முத்தரப்பு அலுவலகத்தில் முறையிடலாம். வேலையில் இருக்கும்போதே என்றால் ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் போக வேண்டும். அக்கரைச் சகோதரர்களுக்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. சம்பளப் பிடித்தத்துக்கு அதில் தனி விதிகள் உண்டு. உங்கள் சங்கக் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தத் தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மறுநாள் அவன் கையெழுத்துப் போடவில்லை. மரியாதையாக ஒன்றே ஒன்று கேட்டான்: “ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் அழுத்தப் பரிசோதனை செய்து பார்க்கட்டும் ஐயா. காஸ்கெட் என்று தெரிந்தால் பேசுவோம்.” முதலாளி முதலில் கோபித்தார். பிறகு யோசித்தார். ஹெட்டைக் கழற்றினால் அவருக்கும்தானே ஆயிரக்கணக்கான வெள்ளி செலவு? வேறொரு பட்டறையில் பரிசோதித்தார்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம். ரேடியேட்டரில் குமிழி இல்லை. அழுத்தம் ஏற்றி விட்டபோது தண்ணீர்ப் பம்பின் அடித்துளையில் ஒரு சொட்டு நின்றது, பிறகு இன்னொரு சொட்டு. பம்புக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் பல வாரங்களாகக் காய்ந்து படிந்த பொருக்கு. மூடியின் அடியில் இருந்த பாலோ, விடுதிக்கும் தளத்துக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் படிந்த ஈரம். புதுப் பம்பு போட்டார்கள். லோரி ஓடியது. அந்தத் தாளை முதலாளியே கிழித்துப்போட்டார்.

அந்த முதலாளி கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பட்டறைக்காரர் திருடர் என்றும் சொல்லமாட்டேன். அவர்கள் அவசரப்பட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அவசரத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பது எப்போதும் சம்பளத்தில் கீழே இருப்பவன்தான். அவன் விவரம் தெரிந்தவனாக இருந்துவிட்டால், அவனும் தப்புகிறான், இஞ்சினும் தப்புகிறது, முதலாளியின் பணமும் தப்புகிறது.

எனவே தோழர்களே, யாராவது இனிமேல் “காஸ்கெட் போய்விட்டது” என்று சொன்னால் கோபப்படாதீர்கள், பயப்படவும் செய்யாதீர்கள். “எந்தப் பரிசோதனையில் தெரிந்தது?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஓட்டுநர் ஒவ்வொரு லோரியிலும் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

 வெளியே நிற்கும் லோரிகளை இரவு புறப்படும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறுங்கள்.